பொறிக்காக மாந்தனா? மாந்தனுக்காகப் பொறியா?

பெரம்பூரில் தொடர்வண்டிப் பெட்டி செய்யும் தொழிலாளி நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. பெட்டியின் படி, ஏறுவோன் காலுக்கு எட்டுதல் வேண்டும். கைப்பிடி, பற்றுவோன் கைக்கு அடங்குதல் வேண்டும். படி எட்டவில்லையாயின் படியைத் தாழ்த்துவரேயன்றி, 'உன் காலை நீட்டிக்கொள்' என ஏறுவோனை எவரும் கடிந்துகொள்ளார். 1955 அக்தோபர் 2-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற ஒருங்கிணைந்த பெட்டித் தொழிலகம், சுவிட்சர்லாந்து நாட்டின் நுட்பத் துணையோடு கால்கொண்டது. அயல்வடிவத்தை வாங்கிச் செய்து பழகிய கைகளே, 2018-ஆம் ஆண்டில் ஒரு முழுத் தொடர்வண்டியைத் தாமே வகுத்துச் செய்யும் அளவிற்கு வளர்ந்தன. நுட்பம் எந்நாட்டினின்று வரினும் வருக. அதனைப் பயன்கொள்வோன் உடலுக்கும் வாழ்வுக்கும் ஏற்ப வளைத்துக்கொள்வதே தொழிலறிவு என்பதைப் பெரம்பூர் உலகிற்குக் காட்டியிருக்கின்றது.

அதே பெரம்பூரில், அதே தொழிலாளியின் தாய், வைப்பகத்தின் பணப்பொறி முன் நிற்கும் நிலை என்ன? திரையில் ஓடும் சொற்கள் விளங்கவில்லை. எந்த விசையை அழுத்துவது என்று தெரியவில்லை. தவறு நேர்ந்தால் பொறி ஏதோ ஒரு குறியெண்ணைக் காட்டிவிட்டு வாய்மூடிக்கொள்கிறது. அவரும், 'எனக்கு எழுத்தறிவு போதாது' என்று தம்மையே நொந்துகொண்டு, பின்னால் நிற்கும் முன்பின் அறியாத ஒருவரிடம் அட்டையை நீட்டுகிறார். மறையெண்ணையும் வாய்விட்டுச் சொல்கிறார். உழைத்துச் சேர்த்த பணம் களவுபோவதற்கு வாயில் திறந்துவிடுவது அந்தத் தாயின் அறியாமையா? அன்று! விளங்காத திரையை வகுத்தவனின் பொறுப்பின்மையே அது.

இஃது ஈண்டு மட்டும் எழுந்த குரலன்று. அமெரிக்க உளநூலறிஞர் தொனால்டு நார்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் இதனையே விளக்கினார். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் ஒரு கதவின் முன் ஒருவன் தடுமாறினால், குற்றம் கதவைச் செய்தவனுடையது என்பது அவர் கூற்றின் சாரம். மேலைநாட்டார் தம் மொழியில் இயங்கும் பொறியிடத்தேயே இவ்வளவு இடர்ப்படுவராயின், அயல்மொழித் திரையின் முன் நிற்கும் தமிழனின் இடர் எத்துணைப் பெரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடரின் முதற் கரணியம், திரையிலுள்ள சொல். தமிழ்த் திரைகள் இல்லாமலில்லை. இருந்தும், தமிழைத் தேர்ந்தவரே சில நாளில் ஆங்கிலத்திற்கு மாறிவிடுவதைக் காண்கிறோம் என்று பலரும் வருந்துகின்றனர். ஏன் மாறுகின்றனர்? அத்தமிழ் ஆங்கிலத்தினும் கடிதாக இருப்பதே கரணியம். ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். 'திற' என்பதற்கும் 'திறந்துள்ளது' என்பதற்கும் அங்கு ஒரே வடிவம் போதும். சொற்பட்டியலை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, திரையைக் கண்ணாலும் காணாமல் மொழிபெயர்ப்பவன், ஏவ வேண்டிய இடத்தில் நிலையைக் கூறுகிறான். நிலையைக் கூற வேண்டிய இடத்தில் ஏவுகிறான். இது தமிழின் குறையன்று. தமிழைக் கடைசியாக ஒட்டவைக்கும் முறையின் குறை.

தமிழிலக்கணமோ இச்சிக்கலுக்கு முன்பே தீர்வு வைத்திருக்கிறது. திரையில் இரு குரல்கள் உண்டு. ஒன்று, மாந்தன் பொறிக்கு இடும் கட்டளை. மற்றொன்று, பொறி மாந்தனிடம் விடுக்கும் வேண்டுகோள். கட்டளைக்கு ஏவல் வினை: திற, மூடு, தேடு, வெட்டு, ஒட்டு, அழி, சேமி. வேண்டுகோளுக்கு வியங்கோள்: பெயரை எழுதுக, நாளைத் தேர்க, சற்றுப் பொறுக்க. பொறியை 'நீ' என ஏவலாம். பொறி மாந்தனை 'நீ' என ஏவுதல் ஆகாது. இவ்வொரு வேறுபாட்டைக் கடைப்பிடித்தாலே, எது அழுத்த வேண்டிய விசை, எது படிக்க வேண்டிய அறிவிப்பு என்பது பார்த்த மாத்திரத்தில் புலனாகும். ஆங்கிலத்திற்கு இல்லாத இந்த நுண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தின் பின்னே ஓடுவது பேதைமை.

தனித்தமிழ் ஆர்வலரும் ஈண்டுத் தம் கடமையை எண்ணிப் பார்த்தல் நன்று. 'நகலெடு' என்பதில் உள்ள நகல் அரபு வழி வந்தது. 'படியெடு' என்று சொல்லலாம். 'இரத்து செய்' என்பதற்குக் 'கைவிடு' உண்டு. இவை எளியவை, தூயவை, திரையில் சிறிய இடத்தில் அடங்குபவை. ஆனால், தூய சொல் என்பதாலேயே நீண்ட சொற்கோவையைக் கட்டி ஓர் விசையின் மேல் ஏற்றினால், அதனைப் பட்டறையில் நிற்போனும் பூக்கடையில் இருப்போளும் தாண்டிப் போய்விடுவர். ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்து 'இடைமுகம்' என்கின்றனர். 'முகப்பு' என்றால் எவருக்கும் விளங்காதா? வீட்டுக்கு முகப்பு உண்டு, கடைக்கு முகப்பு உண்டு, பொறிக்கும் அஃதே. மக்கள் வாயில் வழங்கும் தூய சொல்லைத் தேடி எடுப்பதே முதற்பணி. இல்லாதவிடத்துப் புதிது படைப்பது அடுத்த பணி. இவ்வரிசை மாறியதால் விளைந்த இழப்பு பெரிது.

இரண்டாவது, எழுதும் விசைப்பலகை. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தளித்தார். அப்பொறியின் அமைப்பு தாளில் அச்சு விழும் ஒழுங்கைப் பின்பற்றியது. 'கொ' என எழுதக் கொம்பை முன்னும், காலைப் பின்னும் அடித்தல் வேண்டும். அன்றைய இரும்புக்கு அது தேவை. கணிப்பொறிக்கோ அத்தேவை இல்லை. எனவே, 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் ஆய்வுக்குப் பின், அவ்வாண்டிலேயே 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே. 'அம்மா' என எழுத நான்கே தட்டு. ஆங்கில எழுத்து வழியே எழுதினால் ஐந்து. 'தங்கம்' என எழுத ஐந்து. ஆங்கில வழியே ஏழு. தமிழிலக்கணத்தின் இனவெழுத்து விதியே இங்கு விரல்களின் சுமையைக் குறைக்கிறது.

இத்துணை எளிய பலகை இருந்தும், இளைஞரிற் பலர் 'அம்மா'வை அடைய ஆங்கில எழுத்தின் வாயிலில் காத்து நிற்கின்றனர். கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் 99 உண்டு. தேடி எடுத்தாலன்றி அது கண்ணிற் படுவதில்லை. பள்ளியில் அதனைப் பயிற்றுவோர் மிகச் சிலர். எழுதும்போதெல்லாம் தாய்மொழிச் சொல்லை அயலெழுத்தில் எண்ணிப் பழகும் தலைமுறை, காலப்போக்கில் ழகர ளகர லகர வேறுபாட்டையும், னகர ணகர நகர வேறுபாட்டையும் இழக்கும். இழப்பது எழுத்து மட்டுமன்று. ஒலியும் பொருளும் உடன் போகும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உட்குறியீடு. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது நன்றே. அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக இருந்ததால், ஒருவர் எழுதியதை மற்றவர் பொறி படிக்க இயலாதிருந்தது. எனினும், ஒருங்குறி நடுவண் அரசின் பழைய இந்தியக் குறியீட்டை அடியொற்றியது. தமிழின் 247 எழுத்துகளில், உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆக 31-க்கே தனியிடம். மெய்யும் பிற உயிர்மெய்யுமாகிய 216-உம் இரண்டிரண்டு குறிகளின் கூட்டு. மெய்யும் அகரமும் சேர்ந்தது உயிர்மெய் என்பது தமிழிலக்கணம். உயிர்மெய்யொடு புள்ளி சேர்ந்தது மெய் என்பது இக்குறியீட்டின் கணக்கு.

இதனால் எளியோர்க்கு என்ன என்பார்க்கு விடை: 'பெரம்பூர்' என்பதில் எழுத்து ஐந்து, பொறியின் கணக்கில் ஒன்பது. படிவத்தில் 'இத்துணை எழுத்துக்குள் எழுதுக' என்னும் எல்லை தமிழனுக்கு மட்டும் பாதியளவில் முடிந்துபோகிறது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழ்க் குறி 70-தான் அடங்கும். இடைவெளியின்றிப் பெரம்பூர் என்னும் பெயரை எழுதிச் சென்றால் ஆங்கிலத்தில் 20 முறை. தமிழில் 7 முறை. பெயர்ப்பட்டியலைக் குறிவரிசைப்படியே அடுக்கும் பொறி, னகரத்தைப் பகரத்திற்கு முன் வைத்துக் 'கனி'யைக் 'கயலு'க்கு முன் நிறுத்துகிறது. அகரமுதலியில் பழகிய கண் அப்பெயரைத் தேடிக் களைக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 நுண்ணிடக் குறியீட்டையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. ஆணை இருக்கிறது, நாள்தோறும் கையிலெடுக்கும் பொறிகளில் அதனைக் காண்பது அரிது. ஒருங்குறி உலகெங்கும் வேரூன்றிவிட்ட இந்நாளில், எண்ணலும் அடுக்கலும் அழித்தலுமாவது தமிழெழுத்தின் அளவில் நடக்குமாறு மென்பொருளை எழுதுவது அரிய செயலன்று. எழுதுவோர்க்கு அது தேவையெனத் தோன்றவில்லை. தோன்றச் செய்வாரும் இல்லை.

நான்காவதும் தலையாயதும், பெயர்க் கட்டம். முதற்பெயர் ஒரு கட்டம். கடைப்பெயர் ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் மேற்செல்ல முடியாது. தமிழனுக்குக் கடைப்பெயர் ஏது? திருவாரூர் என்பது ஊர். விருத்தாசலம் என்பது தந்தை பெயர். கலியாணசுந்தரம் என்பது தம் பெயர். திரு.வி.க. இன்றிருந்து இப்படிவத்தை நிரப்ப நேர்ந்தால் எக்கட்டத்தில் எதனை எழுதுவார்? 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் ஒட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு முடிவு செய்தது. அதன் பின் தமிழகம் வியக்கத்தக்க அளவில் அப்பட்டத்தை உதிர்த்தது. உதிர்த்த அதனைப் படிவத்தின் வெற்றுக் கட்டம் மீண்டும் கேட்கிறது! தந்தை பெயரை அங்கு இட்டால், வானூர்தி நிலையத்தில் மகளைத் தந்தை பெயரால் விளிக்கின்றனர். ஒரு சான்றில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறொரு பெயருமாகி, அலுவலகந்தோறும் அலைய நேர்கிறது. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுக எனத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையிட்டது. அத்தமிழெழுத்தை ஏற்காத படிவங்களோ இன்றும் பல. ஒரு கட்டத்தின் வடிவம் ஒரு குமுகாயத்தின் நூற்றாண்டுப் போராட்டத்தை ஓசையின்றி அழிக்கவல்லது என்பதை அறிதல் வேண்டும்.

1918 ஏப்பிரல் 27-ஆம் நாள், பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கருநாடக ஆலைத் தொழிலாளரை முன்னிறுத்திச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் என்று அது போற்றப்பெறுகிறது. அதன் தலைவர் வாடியாவின் ஆங்கில உரைகள் தமிழிற் பெயர்த்துரைக்கப்பட்டே தொழிலாளரை எட்டின. உடன்நின்ற திரு.வி.க. தமிழையே மேடைமொழி ஆக்கினார். தன் மொழியில் தன் உரிமையைக் கேட்டறிந்த பின்னரே தொழிலாளி தலைநிமிர்ந்தான். அன்று மேடை எதுவோ, இன்று திரை அது. கூலி அதன் வழியே வருகிறது; குடும்ப அட்டை, மருத்துவம், கல்வி யாவும் அதன் வழியே வருகின்றன. அத்திரை தமிழில் விளங்கப் பேசாதாயின், உரிமை ஏட்டில் இருந்தும் கைக்கு எட்டாது.

ஆகலின், செய்ய வேண்டுவன இவை. பொதுப்பணத்தில் வாங்கும் எந்தப் பொறியையும், எளிய மக்கள் சிலர் பிறர் துணையின்றி இயக்கிக் காட்டிய பின்னரே அரசு ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். தமிழகத்திலுள்ள பொறியில் முதல் திரை தமிழாகவே இருத்தல் வேண்டும். வேண்டுவோர் பிறமொழியைத் தேர்ந்துகொள்ளட்டும். பெயருக்கு ஒரே கட்டம், தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம், இரண்டும் தமிழெழுத்தை ஏற்பதாக அமைதல் வேண்டும். தமிழ் 99 தொடக்கப் பள்ளியிலேயே விரலுக்குப் பழகுதல் வேண்டும். தமிழறிஞரும் மென்பொருள் வல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து, திரையை நேரிற் கண்டு சொல் அமைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. 1995-இல் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியபோதும், மலேசியாவில் முத்து நெடுமாறன் தமிழ் மென்பொருளை வளர்த்தபோதும், எந்தப் பேரரசும் அவர்கட்கு முன்நின்று வழிகாட்டவில்லை. மொழிப்பற்றும் தொழிலறிவும் ஒருங்கே வாய்த்ததால் செய்தனர். அவ்விரண்டும் தமிழகத்தில் தனித்தனியே நிரம்பக் கிடக்கின்றன; ஒன்றுசேரவில்லை என்பதே குறை. மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு, கைப்பேசியில் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்வோரால் தமிழ் வாழாது. ஒவ்வொரு தமிழனும் தன் கைப்பேசியின் மொழியை இன்றே தமிழாக்குக! விளங்காத சொல்லைக் கண்டால் செய்தவனுக்கு எழுதிக் கேட்குக! கேட்பார் பெருகினால் செய்வார் தாமே பெருகுவர்.