மீனுக்கு சராசரி தெரியாது

எங்க சூரியநெல்லி பக்கத்து அரிக்கொம்பனைத் தெரியாத தமிழர் துபாயிலும் இல்லை, டொராண்டோவிலும் இல்லை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு அந்த யானையை லாரியில் ஏற்றியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதே வட்டாரத்தில் இன்னொரு உயிர் இருக்கிறது. விரல் நீளம்கூட வராத மீன். அதைப் பற்றிப் பேச யாருமில்லை என்பதால் இந்தப் பதிவு.

2002-ல் அருணாச்சலம், ஜான்சன், ரமாதேவி என்ற மூன்று ஆய்வாளர்கள் பன்னியாற்றில் கிடைத்த அந்த மீனைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே நம்ம சாந்தன்பாறை இருக்கிறது. அகலமான துடுப்புகளால் கல்லில் ஒட்டிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற ஜாதி. இப்படிச் சின்ன வட்டாரத்தை நம்பி வாழும் மீன் இங்கே போனால் போனதுதான்.

அந்தப் பன்னியாற்றில்தான் ஆனையிறங்கல் அணை இருக்கிறது. மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து, கீழே பொன்முடி அணைக்குத் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து பன்னியாறு மின்நிலையத்துக்குப் போகும். நம்ம வீட்டு விளக்கு எரிய அந்தத் தண்ணீர் தேவை, மறுக்கவில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு, எத்தனை வேகத்தில் திறக்கிறோம், மூடுகிறோம் என்பதில்தான் மீனின் பிழைப்பு இருக்கிறது. மதகு சட்டென்று திறந்தால் குஞ்சு அடித்துக்கொண்டு போகும். சட்டென்று மூடினால் ஓரத்துக் கல் காயும், அதில் ஒட்டியிருக்கும் முட்டையும் காயும்.

2017-ல் பசுமைத் தீர்ப்பாயம், கோடைக்கால சராசரி நீரோட்டத்தில் 15 முதல் 20 சதவீதம் எல்லா ஆறுகளிலும் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் சராசரி என்றாலே எனக்கு பேங்க் ஞாபகம் வந்துவிடும். ஒரு கணக்கில் இருபது நாள் ஒரு ரூபாய்கூட இருக்காது, பத்து நாள் கொழுத்த பணம் கிடக்கும். மாத சராசரி பார்த்தால் எல்லாம் சரி! அந்த இருபது நாளும் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று சராசரி சொல்லாது. மீனுக்கும் அப்படித்தான். அதற்கு தினசரி பேலன்ஸ்தான் கணக்கு.

இதை முறையாக அளந்து பார்த்த இடம் அமெரிக்காவின் கொலராடோ ஆறு. 1963-ல் தண்ணீர் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணைக்குக் கீழே, முதுகில் திமில் மாதிரி மேடுள்ள ஹம்ப்பேக் சப் என்ற அரிய மீன் உண்டு. மின் தேவைக்கேற்ப தினமும் தண்ணீரை ஏற்றி இறக்கியதில், பூச்சிகள் நீரோரம் இட்ட முட்டைகள் காய்ந்து போவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பூச்சி இல்லையென்றால் மீனுக்கு சாப்பாடு ஏது? 2018 கோடையில் ஒரு சோதனை செய்தார்கள். மின் தேவை குறைவான சனி ஞாயிறு மட்டும் தண்ணீரைக் குறைவாக, ஒரே அளவில் விட்டார்கள். அந்த நாட்களில் இட்ட முட்டை வாரம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். பூச்சிக்கு வீக்எண்ட் லீவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அணையை இடிக்கவில்லை, மின்சாரத்தை நிறுத்தவில்லை. முதலில் அளந்தார்கள், பிறகு நேரத்தை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

கொலராடோ வேறு, பன்னியாறு வேறு என்பது எனக்கும் தெரியும். அந்த அட்டவணையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அளக்கும் பழக்கத்தைத்தான் கேட்கிறேன். அணைக்குக் கீழே நாலு இடத்தில் நீர்மட்டத்தை மணிக்கு மணி பதிவு செய்து, மதகு திறந்த நேரத்தோடு ஒப்பிட்டு, மழைக்கு முன்னும் பின்னும் மீனை எண்ணட்டும். அந்தக் கணக்கை ஊருக்கும் காட்டட்டும். மதகு திறக்கும் நேரம் தெரிந்தால், ஆற்றில் துணி துவைக்க இறங்குகிறவர்களுக்கும் பாதுகாப்பு.

லீவில் ஊருக்குப் போகும்போது ஆனையிறங்கலில் போட்டோ எடுக்காத ஆள் உண்டா நம்மில்? அடுத்த முறை அணைக்குக் கீழ்ப்பக்கமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றைக் காட்டுங்கள். பஞ்சாயத்து மெம்பரைப் பார்த்தால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் எந்த ஆபீசிலும் ஃபைல் நகரும். பேங்கில் இருக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.