எண்ணிக்கை சொல்லாதது

டென்னிஸின் மகா ஆட்டக்காரர் யார்? பட்டங்களை எண்ணுகிறோம். 2023இல் ஜோகோவிச் 24ஐத் தொட்டார். ராட் லேவருக்கு 11தான்.

1962இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் வென்ற இந்த ஆஸ்திரேலியர், அடுத்த ஆண்டு காசுக்கு ஆடப் போனார். அமெச்சூர்களுக்கு மட்டுமான அந்தப் போட்டிகளின் கதவு சாத்தப்பட்டது. ஐந்தாண்டுகளில் 20 போட்டிகள் போயின. 1968இல் கதவு திறந்ததும் விம்பிள்டனை வென்றார். 1969இல் மறுபடி நான்கையும்.

அநியாயம்தான். ஆனால் 1962இல் அதே கதவுக்கு வெளியே நின்றவர்கள் ரோஸ்வாலும் ஹோடும். தொழில்முறைக்கு வந்த புதிதில் லேவர் அவர்களிடம்தான் அடிமேல் அடி வாங்கினார். ஆக, 11 என்பது குறைவா, அதிகமா? எண்ணிக்கை பதில் சொல்லாது. எல்லோருக்கும் கதவு திறந்திருந்த 1969 சொல்லும்.