தொட்டியை எங்கே வரைந்தீர்கள்?

கோவளம் கடற்கரைக்கு 2021 செப்டம்பரில் நீலக்கொடி கிடைத்தது. கேரளத்துக் கோவளம் இல்லை, நம்ம கோவளம். முட்டுக்காட்டுக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற மீனவ ஊர். டென்மார்க்கில் இருக்கிற ஒரு நிறுவனம் 33 விதிகளை வைத்து, அதில் தேறுகிற கடற்கரைக்குக் கொடி கொடுக்கிறது. கடல்நீர் சுத்தமா, குப்பைத்தொட்டி உண்டா, உயிர்காப்பாளர் உண்டா, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வழி உண்டா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கழிப்பறை போதுமான அளவில் இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், கழிவுநீர் முறையாக அகற்றப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நல்ல விதிகள்தான், கிண்டல் செய்ய வரவில்லை. ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்கு, யார் சுத்தம் செய்வார் என்று கேட்கத் தோன்றவில்லை. டென்மார்க்காரனுக்குத் தோன்றாதது இயல்பு. நம்ம ஊர் இன்ஜினியருக்கும் ஏன் தோன்றுவதில்லை? அவருக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை எவன் கேட்பான்?

நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். பொதுக்கழிப்பறை வரைபடங்களும் போட்டிருக்கிறேன். முகப்பு எப்படி இருக்கணும், ஓடு என்ன நிறம், கண்ணாடி எங்கே, பெயர்ப்பலகை எவ்வளவு நீளம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்னாடி ஒரு மூலையில் புள்ளிக்கோட்டில் ஒரு கட்டம் வரும். உள்ளே 'செப்டிக் டேங்க்' என்று எழுதியிருக்கும். அதைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். அந்தப் புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள் ஒரு மனுசன் நிற்கிறான். அவன் படத்தில் இல்லை, ஆனால் அவன் இறங்குவான் என்ற நிச்சயத்தில்தான் படமே நிற்கிறது. அவன் எந்தச் சேரியிலிருந்து வருவான் என்பது வரைகிறவருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். சாதி மனசுக்குள்ளே இருக்கிறது, படிப்பு வந்தால் போய்விடும் என்கிறார்கள். படித்தவர் போட்ட வரைபடத்தில், அளவோடு, அடிக்கணக்கோடு இருக்கிறதய்யா அது.

கடற்கரைக் கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். குளித்துவிட்டு வருகிறவர் காலோடு மணல் வருகிறது. கால் கழுவுகிற தண்ணியும், குளிக்கிற தண்ணியும், கழிப்பறைத் தண்ணியும் ஒரே குழாயில் சேர்ந்தால் மணல் முழுக்கத் தொட்டிக்குள் போய்ச் சேரும். அறைக்குள் கூடை இல்லாவிட்டால் நாப்கினும் ஷாம்பு பாக்கெட்டும் அதே வழியில் போகும். மணலும் மலமும் அடியில் இறுகிச் சேறாகிவிடும். லாரிக் குழாய் மேலே இருக்கிற தண்ணியைத்தான் உறிஞ்சும், அடியில் இறுகியது அசையாது. அப்போதுதான் மண்வெட்டியோடு ஆள் தேடுகிறார்கள். இறங்குகிற இடத்தில் அழுகின முட்டை வாடை அடிக்கும். அந்த வாயு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போயிடுச்சுன்னு நினைத்து இறங்குகிறவன் விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். ஒரு தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது அதனால்தான். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று பேர் செத்தார்கள்.

இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். கால் கழுவும் இடத்தை வெளியே வைத்து, அந்தத் தண்ணியை மணல் தங்கும் சின்னக் குழி வழியாகத் தனியே விடணும். ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட கூடை. தொட்டியின் ஒவ்வொரு அறைக்கும் மேலே திறக்கிற மூடி. அது உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற இரும்பாக இருக்கக் கூடாது. லாரி வந்து நிற்க, குழாய் எட்டுகிற தூரத்தில் பாதை. சேறு இறுகுவதற்கு முன்னால், இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை, உறிஞ்சி எடுக்கக் கட்டாயத் தேதி. முகப்புக்குப் போடுகிற கிரானைட் கல் செலவில் பாதி வராது இதெல்லாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. இரண்டாவது சட்டப்படி சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்கிலோ அபாயகரமான முறையில் ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருசம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்கினால்தான் அது 'அபாயகரம்' என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. கையுறையைக் கொடுத்துவிட்டால் மலக்குழி கோயில் குளமாகிவிடுமா? 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை கூடியிருக்கிறது. அரசே நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது, பெரியார் மண்ணுன்னு பேசிக்கிட்டே.

வடிவம் மாறினால் வேலை மாறும் என்பதற்குத் தாம்பரம் ரயில் நிலையமே சாட்சி. தெற்கே போகிற ரயில் நிற்கிற தண்டவாளம் எப்படிக் கிடந்ததென்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பெட்டியில் உட்கார்ந்தவர் மலம் கீழே விழும், ஒப்பந்தக் கூலிக்கு வந்த நம்ம சனம் விளக்குமாறோடு இறங்கும். பெட்டிக்கு அடியிலே தொட்டி வைத்த உயிரிக் கழிப்பறை வந்தபிறகு, 2019 வாக்கில் பயணிப் பெட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அதைப் பொருத்தி முடித்தபிறகு, அந்தக் காட்சி போய்விட்டது. எந்த மகாத்மாவும் மனமாற்றம் செய்யவில்லை. ஒரு தொட்டியைச் சரியான இடத்தில் வரைந்தார்கள், அவ்வளவுதான். நூறு வருசத்துக்கு மேலாக ஏன் வரையவில்லை என்ற கேள்விக்கு மட்டும் ரயில்வேயிடம் பதில் கிடையாது.

அதே தாம்பரத்தில்தான் 2013 வாக்கில் 'நம்ம டாய்லெட்' முதலில் வந்தது. தனித்தனிக் கூடுகளாகச் செய்து கொண்டுவந்து பொருத்துவது. காற்று வர வழி, வெளிச்சம், ஊனமுற்றவர் நுழைய வசதி என்று யோசித்துச் செய்த வடிவம், பாராட்டணும். ஆனால் பல ஊர்களில் அதே கூடுகள் பிற்பாடு தண்ணியில்லாமல், தாழ்ப்பாள் உடைந்து, பூட்டிக் கிடந்தன. கூட்டை வடிவமைத்த அளவுக்கு, அதைப் பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளத்தையும் வேலைநேரத்தையும் வடிவமைக்கவில்லை.

கடற்கரையோரக் கழிப்பறை ஒன்றில் வேலை செய்கிற அக்காவிடம் பேசினேன். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அவர் வேலைக்கு ஆபத்து. "துணி மாத்த எங்க போவீங்க?" என்று கேட்டேன். "பொம்பள ரூம்புல ஆளில்லாத நேரம் பாத்துத்தான் தம்பி." சோறு? துடைப்பமும் ஆசிட் பாட்டிலும் வைக்கிற சந்தைக் காட்டினார். "மழ வந்தா இங்க, இல்லன்னா சவுக்குத் தோப்புல." குளித்துவிட்டு வீட்டுக்குப் போக ஒரு இடம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். சிரித்தார். "அத்தன பேரு குளிக்க ஷவரு வச்சிருக்காங்க தம்பி, அதுல நான் குளிச்சா சும்மா விடுவாங்களா?" வரைபடத்தில் பத்தடிக்கு ஆறடி ஒரு அறை. அலமாரி, குழாய், ஒரு விசிறி. இதை வரைய எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

கட்டணக் கழிப்பறை வாசலைக் கவனியுங்கள். மேஜை போட்டு ஒருவர் காசு வாங்குகிறார், இன்னொருவர் உள்ளே துடைக்கிறார். மேஜைக்கும் துடைப்பத்துக்கும் நடுவே பத்தடிதான் தூரம். ஆனால் அந்தப் பத்தடியைத் தாண்டி மேஜைக்கு வந்த துடைப்பக்காரரை நான் பார்த்ததில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2020இல் தமிழக அரசு 'துப்புரவு' என்பதைத் 'தூய்மை' என்றாக்கியது. 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தொழிலாளிகளின் காலைக் கழுவினார். காலைக் கழுவியது போதும், கையில் இருக்கிற வாளியை வாங்கியிருக்கலாம். டோக்கியோவில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்துப் பூங்காக் கழிப்பறைகளைக் கட்டினார்கள். அதைத் துடைக்கிறவரைக் கதாநாயகனாக வைத்து 2023இல் ஒரு ஜெர்மன்காரர் படமும் எடுத்தார். அந்த ஆளுக்குச் சொந்தமாக வேன், வேன் நிறையக் கருவிகள், முதுகில் பெயர் போட்ட சீருடை. நம்ம அக்காவுக்கு ஒரு விளக்குமாறு, அதையும் அவரே வாங்கிக்கணும்.

நம்ம ஆட்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: இயந்திரம் வந்தால் இருக்கிற பொழப்பும் போயிடாதா? நியாயமான பயம், தட்டிக்கழிக்கக் கூடாது. சென்னைக் குடிநீர் வாரியத்தில் 2024இல் சாக்கடை அகற்றும் வண்டிகளைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கே சொந்தமாக்கித் தரும் திட்டம் தொடங்கினார்கள். எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்கணும். ஆனால் கேள்வி அங்கேதான் இருக்கிறது: வண்டியை ஓட்டுகிற சீட்டில் யார், வண்டிக்குச் சொந்தக்காரர் யார்? 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போன மாநகரத்தில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பூங்காவிலும் கடற்கரையிலும் பஸ் ஸ்டாண்டிலும் இன்னும் நிறையக் கழிப்பறை கட்டுவார்கள், கட்டணும். கூடை வைத்து நாள் முழுக்க மீன் விற்கிற பெண்கள் தண்ணி குடிக்காமலே உட்கார்ந்திருப்பது கழிப்பறைக்குப் பயந்துதான். ஆகவே கட்டாதே என்று நாம் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன் மூன்று காகிதத்தைக் கேட்போம். தொட்டியின் குறுக்குவெட்டு வரைபடம், எத்தனை வருசத்துக்கு ஒருமுறை எந்த வண்டியால் எடுப்பார்கள் என்ற எழுத்து, வேலை செய்கிறவரின் சம்பளமும் அறையும் குறித்த ஒப்பந்த நகல். கட்டடக்கலை படிக்கிற தோழர்கள் குறுக்குவெட்டைப் படித்துச் சொல்லட்டும், சட்டம் படிக்கிறவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தரணும். ஆளுக்கொரு கழிப்பறையாகப் பிரித்துக்கொண்டு இந்த மாதமே போடலாம்.