சிறு சக்கரமும் மலைப்பாதையும்

“மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது” என்பது ஆன்றோர் வாக்கு. மடித்து பஸ்ஸில் ஏற்றத்தக்க துவிச்சக்கர வண்டியின் சிறு சக்கரங்களுக்கு இது பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம். கொஸ்லந்த போன்ற மலையூர்களில் வாழும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி பயன்தரும்.

சக்கரம் சிறுத்தால் வேகமும் குறையும் என்பர் பலர். 28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 88 அங்குலம் செல்லும். 16 அங்குலச் சக்கரமோ 50 அங்குலமே செல்லும். ஆயினும், மிதிகட்டையோடு சுழலும் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் இக்குறை நீங்கும். 1956 இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் அரிதானபோது துவிச்சக்கர வண்டியில் கருத்தூன்றிய ஆங்கிலப் பொறியியலாளர் அலெக்ஸ் மோல்டன், 1962 இல் 16 அங்குலச் சக்கர வண்டியொன்றை வெளியிட்டார். அது மடியும் வண்டியன்று. எனினும் சிறு சக்கரமும் விரைந்தோடும் என்பதை மெய்ப்பித்தது. காற்றழுத்தம் மிகுந்த டயரோடு, அதிர்ச்சி தாங்கும் இரப்பர் அமைப்பையும் அவர் அதிற் பொருத்தினார்.

அவ்வமைப்பு ஏன் வேண்டியதாயிற்று? 8 அங்குல அகலமுள்ள குழியொன்றில் 28 அங்குலச் சக்கரம் அரை அங்குலத்துக்குச் சற்று மேலாகவே இறங்கும். 16 அங்குலச் சக்கரம் ஓரங்குலத்துக்கு மேல் இறங்கும். ஆகவே தோட்டத்துக் கரடுமுரடான பாதைக்கு 20 அங்குலச் சக்கரமும் அகன்ற டயருமே உகந்தவை.

ஏற்றத்தினும் இறக்கமே அபாயமானது. பெரகலவிலிருந்து கொஸ்லந்த வழியாக, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியை எண்ணிப் பாருங்கள். பிரேக் கவ்வும் ரிம், சிறு சக்கரத்தில் உலோகம் குறைந்ததாதலின் விரைவிற் சூடேறும். அச்சூட்டினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் உயரும். டியூப் வெடித்தலுங் கூடும். வளைவில் அது நேரின் உயிருக்கே ஆபத்து. எனவே பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே இறங்காமல், விட்டுவிட்டு அழுத்துக. இடையிடையே நின்று ரிம் ஆறியபின் செல்க. மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் எளிதிற் பிடியாது என்பதையும் மறவற்க.

டயர் வாங்குவோர்க்கும் ஒரு சொல். 16 அங்குலம் எனப் பொறிக்கப்பட்டவை யாவும் ஓரளவின அல்ல. 305 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியதும் உண்டு, 349 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியதும் உண்டு. ஒன்றுக்குரியது மற்றொன்றிற் பொருந்தாது. பழைய டயரின் பக்கத்தில் உள்ள மில்லிமீற்றர் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க.

சிறு சக்கரத்துக்குக் கீர்த்தி உண்டு. அதனைக் காப்பது ஓட்டுவோரின் நிதானமே.