பவுன்சருக்கு அடிக்கும் அதிகாரம் கிடையாது

மும்பையின் லோயர் பரேல், பாந்த்ரா, அந்தேரி இரவு விடுதிகளின் வாசலில் நிற்கும் பவுன்சரைப் பற்றி ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. அவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட அடியாள். குடித்துவிட்டு ரகளை செய்பவரை நாலு சாத்து சாத்த அவருக்கு உரிமை உண்டு என்பதே அது. வாடிக்கையாளர்கள் இதைப் பயத்தால் நம்புகிறார்கள், விடுதி முதலாளிகள் வசதிக்காக நம்புகிறார்கள். தாராவி, செம்பூர் போன்ற பகுதிகளிலிருந்து இந்த வேலைக்குப் போகும் இளைஞரும் நம்பிவிட்டால், நஷ்டம் முதலில் அவருக்குத்தான்.

சட்டத்தின் முன் பவுன்சர் சாதாரணக் குடிமகன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காக்கும் உரிமையை எல்லோருக்கும் ஒரே அளவில்தான் தருகிறது. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்று அதன் 37ஆவது பிரிவு வரம்பு கட்டுகிறது. பாய்ந்து வருபவரைத் தடுக்கலாம், பிடித்து வெளியே கொண்டுபோய் விடலாம். வெளியே விட்ட பிறகு நடைபாதையில் வைத்து உதைத்தால் அது குற்றம். கண்முன் கடுங்குற்றம் செய்தவரைப் பிடித்து வைத்தாலும், வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

பயம் இல்லாவிட்டால் கூட்டம் அடங்காது என்பது முதலாளிகளின் வாதம். தொழிலின் விதிகளே அதற்கு எதிராக நிற்கின்றன. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005இல் வந்தது. அதன்கீழ் 2006இல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், தீயணைப்பு, முதலுதவி, தற்காப்பு உரிமையின் எல்லை ஆகியவை அந்தப் பாடத்தில் இருந்தன. புஜத்தின் சுற்றளவு மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர்கள் இந்தப் பயிற்சிச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வாசல் வேலையின் பெரும்பகுதிக்குக் கைவலு தேவையே இல்லை. மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயது, கடும் மதுவுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும்; அதைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கும், வெளியேறும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்ற கவனமும் வேண்டும். 2017 டிசம்பர் 29 அன்று நள்ளிரவு கடந்து லோயர் பரேலில் உள்ள கமலா மில்ஸ் வளாகத்தின் கூரைத்தள விடுதிகளில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். பலர் கழிவறைக்குள் சிக்கி மூச்சுத் திணறி மாண்டார்கள். அத்தகைய நேரத்தில் உயிரைக் காப்பது வழி தெரிந்த ஊழியரே.

அடிதடிக்குப் பொறுப்பு பவுன்சரோடு முடிந்துவிடுவதும் இல்லை. இங்கிலாந்தில் உரிமம் இல்லாத வாசற்காவலர் ஒருவர், விடுதியில் நடந்த கைகலப்புக்குப் பின் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்துவந்து ஒருவரைக் குத்தினார். மேட்டிஸ் எதிர் பொல்லாக் என்ற அந்த வழக்கில், விடுதி உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முரட்டுத்தனத்தை எதிர்பார்த்தே அவர் அந்த ஆளை வைத்திருந்தார் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

அடிவாங்கியவர் வாய்மூடிப் போக வேண்டியதில்லை. போலீசில் புகார் தரலாம். அடித்தவரோடு, அவரை அமர்த்திய முகமையின் உரிமமும் விடுதி முதலாளியின் பொறுப்பும் விசாரிக்கப்பட வேண்டும். அடியாள் என்ற பட்டத்தைப் பவுன்சருக்குச் சூட்டிவிட்டு முதலாளியைத் தப்பவிடுவது அநீதி.