மண்ணின் பசியை யூரியா மட்டும் ஆற்றாது

விளைச்சல் குறைந்தால் மழையையும் விதையையும் குறை சொல்கிறோம், மண்ணை மறந்துவிடுகிறோம். 2010-இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான உர மானியம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நின்றது. அதன் விலையை அரசு கட்டுக்குள் வைத்தது; டிஏபி, பொட்டாஷ் விலைகள் ஏறின. மலிவானதையே விவசாயிகள் கூடுதலாக இட்டார்கள். யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சிய நெற்பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும்; ஆனால் புகையான் பூச்சி எளிதில் தாக்கும், கதிர் முற்றும்போது சாயும்.

யூரியா விலையை உயர்த்தினால் சிறு விவசாயி நொடிந்துபோவார் என்ற அச்சம் நியாயமானதே. எனவே யூரியா மானியத்தைக் குறைக்க வேண்டாம். மற்ற சத்துகளுக்கான மானியத்தைக் கூட்டுங்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை பரிந்துரைக்கும் உரம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கட்டும். நடவுக்கு முன் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுபவருக்கும் உதவித்தொகை தர வேண்டும். மண்ணுக்குச் செலவிடாமல் மகசூலை மட்டும் கூட்ட முடியாது.