நடுவரைப் பழிப்பது நன்றோ?



திடலில் ஆட்டம் ஓய்ந்ததும் வெளியே மற்றோர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. வென்றது எப்படி, தோற்றது ஏன் என்று ரசிகர்கள் வாதிடும் ஆட்டமே அது. விளையாட்டின்மீது கொண்ட பற்றே அவ்வாறு பேசத் தூண்டுகிறது. அதனை நான் குறை கூறேன். எனினும், அப்பேச்சுக்கும் ஓர் அறம் உண்டு.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், பாரிஸ் மாநகரை அடுத்துள்ள ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் உலகக் கிண்ண ரக்பி இறுதியாட்டம் நடைபெற்றது. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, அணிக்கு 15 பேர் ஆடும் ஆட்டம் ரக்பி. தென்னாப்பிரிக்கா 12 புள்ளிகளும் நியூசிலாந்து 11 புள்ளிகளும் பெற்றன. ஒரே ஒரு புள்ளி வெற்றியை முடிவு செய்தது.

நியூசிலாந்து ரசிகர்கள் பலர் கொதித்தெழுந்தனர். அவர்தம் அணித்தலைவர் சேம் கேன், எதிராளியின் தலையில் மோதியமைக்காகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அதுபோன்றே மோதிய தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசிக்கு மஞ்சள் அட்டையே கிடைத்தது. ஏரன் சுமித் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தும் புள்ளி வழங்கப்படவில்லை. முன்னதாகப் பந்து கைதவறி முன்னே சென்றதே காரணம். அவ்வளவு பின்னோக்கிச் சென்று ஆராய விதி இடந்தரவில்லை என்று ரசிகர்கள் வாதிட்டனர்.

இவை சிந்திக்கத்தக்க வாதங்களே. ஆயினும், கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டாமா? இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. 14 பேருடன் போராடிய நியூசிலாந்துக்குப் பியூடன் பேரட் 5 புள்ளிகள் தேடித் தந்தார். அதனையடுத்து 2 புள்ளிகளுக்காக ரிச்சி மொவுங்கா உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே சென்றது. இறுதி நிமிடங்களில் 3 புள்ளிகளுக்காக ஜோர்டி பேரட் உதைத்த பந்தும் தவறியது. இவற்றுள் ஒன்று சரியாகச் சென்றிருந்தாலும் முடிவு மாறியிருக்கக்கூடும். உதைத்தவர்களைப் பழிக்க இதனைக் கூறவில்லை. ஒரு தோல்விக்குக் காரணங்கள் பல. அத்தனையையும் ஒரு மனிதர் தலையில் சுமத்துவது நீதியாகாது.

அன்று சுமத்தப்பட்டவர் நடுவர் வேய்ன் பார்ன்ஸ். 111 அனைத்துலக ஆட்டங்களை நடத்திய அவருக்கு அதுவே இறுதி ஆட்டமாயிற்று. சில நாள்களில் அவர் ஓய்வை அறிவித்தபோது, நடுவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இணையத்தில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாவதைச் சுட்டிக்காட்டினார். 2007ஆம் ஆண்டில் பிரான்ஸ் 20-18 எனும் கணக்கில் நியூசிலாந்தை வென்றபோதும் அவரே நடுவர். அன்றும் அவர் மிரட்டப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28. 2023 இறுதியாட்டத்தில் காணொளி நடுவராக இருந்த டாம் ஃபோலியும், வசைகளைத் தாங்காது அனைத்துலக ஆட்டங்களிலிருந்து அவ்வாண்டே விலகினார்.

நடுவரும் தவறக்கூடியவர்தாம். அவர் தீர்ப்பை ஆராயலாம்; விதியை மாற்றவும் கோரலாம். சிவப்பு அட்டை பெற்றவருக்குப் பதிலாக 20 நிமிடங்களுக்குப்பின் வேறொருவர் இறங்கலாம் எனும் விதி, நெடிய விவாதத்திற்குப்பின் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத அனைத்துலக ஆட்டங்களில் சோதிக்கப்பட்டது. முறையான விவாதம் பயன் தரும். வசையோ, வீட்டிலிருக்கும் மனைவி மக்களையும் சுடும்.

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்த அதிகாரத்தை அடக்கமுடைமைக்கு அளித்தார். முன்னது நடுவருக்கு வேண்டும். பின்னது ரசிகருக்கு வேண்டும்.

பெற்றோர்களே! நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் விசில் ஊதுபவர் யார்? ஓர் ஆசிரியர், அல்லது வேலை முடிந்து களைப்போடு வரும் தோட்டத்து இளைஞர். அவர் ஊதியம் பெறுவதில்லை. திடலோரம் நின்று நாம் அவரை ஏசினால், அருகில் நிற்கும் நம் பிள்ளையும் அதனையே கற்கும். மறு ஆண்டு விசிலைக் கையிலெடுக்க எவரும் முன்வாரார். ஆகவே, நம் அணி தோற்றால் அடுத்த முறை நாம் எதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று முதலில் பேசுவோம். நடுவரைப் பற்றிய பேச்சு அதன்பின் வரட்டும். அதுவும் பண்போடு வரட்டும்.